செய்முறை

போன வருஷம் என் துணி நான்கு வீட்டில் சாயம் விட்டது. அரக்குச் சுங்குடி. வாங்கின கடையில், "சாயம் போகாதும்மா, போனா நாங்க பொறுப்பு" என்றார்கள். நம்பி, ஒரு தண்ணிகூடப் போடாமல் வெட்டித் தைத்து அனுப்பிவிட்டேன். திருச்சிக்காரி தன் பேத்திக்கென்று தைத்த போர்வையை முதல்முறை நனைத்தபோது, என் கட்டத்தைச் சுற்றியிருந்த வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. படம் எடுத்து அனுப்பினாள்; கூட ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அடுத்தடுத்து இன்னும் மூன்று பேர். அதைப் பார்த்து உஷாரான மீதி ஏழு பேரும் என் பிளாக்கை மட்டும் தையல் பிரித்து எடுத்துவிட்டு, வேறொன்று வைத்துத் தைத்துக்கொண்டார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இந்தப் பங்குனியில் ஒரு பை நிறைய வெள்ளைத் துணியோடு நான் மதுரையில் போடிநாயக்கனூர் ரயில் ஏறியதற்கு அதுதான் காரணம்.

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு பெண்கள். சென்னை, கோவை, திருச்சி, நாகர்கோவில் என்று சிதறிக் கிடக்கிறோம், ஒருத்தி சிங்கப்பூரில். ஒட்டுப்போர்வை தைப்பவர்கள் அதன் ஒரு கட்டத்தை பிளாக் என்பார்கள். ஒவ்வொருவரும் ஒரே மாதிரி பன்னிரண்டு பிளாக் தைக்க வேண்டும். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, பதினொன்றை மற்றவர்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். கடைசியில் எல்லார் கையிலும் பன்னிரண்டு பேர் தைத்த பன்னிரண்டு பிளாக் இருக்கும். மூன்றுக்கு நாலாக அடுக்கி இணைத்தால் 36 இஞ்ச் அகலம், 48 இஞ்ச் நீளம். ஒரு கைக்குழந்தைப் போர்வை. வெள்ளைத் துணி பொது. கோவைக்காரி ஒரே பீஸிலிருந்து வெட்டி எல்லாருக்கும் அனுப்பிவிடுவாள். வண்ணத் துணி அவரவர் ஊர்ப்பக்கம் நெய்ததாக இருக்க வேண்டும் என்பது இந்த வருஷத்து நிபந்தனை.

கணக்கும் கொஞ்சம் உண்டு. ஒன்பது கட்டப் பிளாக்கில் துண்டு ஒவ்வொன்றும் 4½ இஞ்ச் சதுரம். மூன்றை வரிசையாக வைத்தால் 13½. நடுவில் இரண்டு தையல். ஒவ்வொரு தையலிலும் இரு பக்கத் துணியும் கால் கால் இஞ்ச் உள்ளே போகும். ஆக ஒரு இஞ்ச் போய் 12½ நிற்கும். மற்ற பிளாக்குகளோடு இணையும்போது ஓரத்துக் கால் இஞ்சும் உள்ளே போய் 12. கை சற்றுத் தாராளமாகி, அந்தக் கால் இஞ்சோடு ஒரு அரைக்கால் இஞ்ச் கூடிவிட்டால் என்ன ஆகும்? நான்கு ஓரத்துக்கு நான்கு அரைக்கால், மொத்தம் அரை இஞ்ச் விழுங்கி, பிளாக் 12-லேயே வந்து நிற்கும். அதை இன்னொருத்தியின் 12½ பக்கத்தில் வைத்துத் தைக்கிறவள் பாடு திண்டாட்டம். இழுத்தாலும் சுருங்கும், விட்டாலும் உப்பும். தைத்தவள் தப்பித்துவிடுவாள், வாங்கினவள் மாட்டுவாள்.

முகம் தெரியாதவர்கள் சேர்ந்து தைக்கிற எதற்கும் அளவுதான் மொழி. அமெரிக்காவில் எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவாக 1987-ல் தொடங்கிய பெரும்போர்வையில் ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி. அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு யார் யாரோ எங்கெங்கிருந்தோ தைத்து அனுப்பியதை இணைத்தார்கள். நம் சென்னையிலேயே 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுப் பெண்கள், பல ஊர்களில் தனித்தனியே பின்னியதைச் சேர்த்து 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரே போர்வையாக விரித்து கின்னஸில் ஏறினார்கள். எங்களுடையது அந்த வரிசையில் வைக்கக்கூடியதில்லை. ஆனாலும் அரைக்கால் இஞ்ச் எங்களுக்கும் அரைக்கால் இஞ்ச்தான்.

மதுரை–போடி ரயில் பாதை 1928-ல் வந்தது. மீட்டர் கேஜை அகலப்பாதையாக்க 2010 கடைசியில் வண்டியை நிறுத்தினார்கள். மறுபடி போடி வரை ரயில் ஓடியது 2023 ஜூன் 15 முதல். பன்னிரண்டரை வருஷம். லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போகும்போது ஜன்னலுக்கு அடித்துக்கொண்ட தலைமுறை, பிள்ளை பெற்று வளர்த்து முடித்துவிட்டது. உசிலம்பட்டி தாண்டினால் ஆண்டிபட்டிக் கணவாய். அதைத் தாண்டியதும் காற்றின் குணம் மாறும். நான் ஆண்டிபட்டியிலேயே இறங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து ஆட்டோவில் சக்கம்பட்டி. ஊர் கண்ணில் படுவதற்கு முன்னால் தறிச் சத்தம் காதில் படும். பருத்திச் சேலைக்கு இந்த ஊரும் டி.சுப்புலாபுரமும் பேர்போனவை. ஒரு வீட்டு முன்கட்டில் சேலை விற்றார்கள். பின்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பாயை விரித்து உட்காரவைத்து, அறுபது வயது மதிக்கத்தக்க அந்த அண்ணன் அடுக்கடுக்காக எடுத்துப் போட்டார்.

"எனக்கு முக்கால் மீட்டர் போதும்ண்ணே."

"சேலையில முக்கால் மீட்டரா? மிச்சத்த யாரு கட்டுறது, நானா?"

விஷயத்தைச் சொன்னேன். நாலரை இஞ்ச் சதுரம், பிளாக்குக்கு ஐந்து, பன்னிரண்டு பிளாக்குக்கு அறுபது துண்டு. சேலை அகலத்தில் பத்துத் துண்டு வெட்டலாம். ஆறு வரிசைக்கு 27 இஞ்ச் நீளம். அவர் கணக்கை விரலில் ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பழுதுச் சேலையோடு வந்தார். உடலில் ஓரிடத்தில் ஊடை இழை அறுந்து, கோடு போட்ட மாதிரி ஒரு சந்து. கட்டுகிறவளுக்குத்தான் அது பழுது, வெட்டுகிறவளுக்கு இல்லை. விலையும் பாதிக்குப் பக்கம் குறைந்தது. நிறம்? அரக்கு.

சந்தனத்தையோ இளமஞ்சளையோ எடுத்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். கை அரக்கிலேயே நின்றது. எந்த நிறத்தில் பேர் கெட்டதோ அதே நிறத்தில் சரிக்கட்ட வேண்டும் என்ற வீம்பு.

"சாயம் போகுமாண்ணே?"

"போகும். அரக்குன்னா மொத ரெண்டு மூணு தண்ணிக்குப் போகத்தான் செய்யும். போகாதுன்னு சொல்றவன நம்பாதீங்க. கஞ்சி வேற இருக்கு. கஞ்சியோட வெட்டிராதீங்க, பெறகு சுருங்கும்."

ஒரு வருஷம் தாமதமாகக் கேட்ட புத்திமதி.

சாயம் விடுவதில் நம் பக்கத்துத் துணிக்கு உலகப் புகழே உண்டு. 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் பம்பாயில் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் (பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவியவர்) மெட்ராஸ் கட்டம் போட்ட துணி வாங்கிப்போனார். கெஜம் ஒரு டாலர் வீதம் பத்தாயிரம் கெஜம் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது. பச்சைத் தண்ணீரில் பதமாகத் துவைக்க வேண்டும் என்று சொல்லப்பட்ட எச்சரிக்கை வாடிக்கையாளர் வரை போய்ச் சேரவில்லை. சட்டைகள் சாயம் விட்டன, சண்டை வந்தது. கடைசியில் விளம்பரக்காரர்கள் புகுந்து, சாயம் விடுவதுதான் இந்தத் துணியின் விசேஷம், விடும் என்பதற்கு உத்தரவாதம் என்று திருப்பிப் போட்டு விற்றார்கள் என்று கதை. எனக்கு அப்படி எழுதிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை.

போடியில் அத்தை வீட்டு மாடியில் நின்றால் மேற்கே மலை முகத்துக்கு நேரே நிற்கும். அன்று பாதி மலைதான் தெரிந்தது. மாடியிலேயே அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தேன். அத்தை கல்லுப்பு டப்பாவோடு ஏறி வந்தாள்.

"உப்புப் போடு. சாயம் நின்னுரும்."

நம் வீடுகளில் எல்லாரும் இதைச் சொல்வார்கள். உப்புக்கு வேலை இருக்கிறது, ஆனால் அது சாயத் தொட்டியில். தண்ணீரில் கரைந்து கிடக்கும் சாயத்தை நூல் பக்கம் தள்ளிவிடுவது அங்கே உப்புதான். நூலோடு கட்டிக்கொள்ளாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்சச் சாயத்தை, துணி நெய்து வந்த பிறகு ஒரு பிடி உப்பால் நிறுத்திவிட முடியாது. அதைக் கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். வெந்நீரில் சீக்கிரம் வெளியேறும். இதை அத்தையிடம் சொல்லவில்லை. அவள் போட்ட உப்பு ஒரு கெடுதலும் செய்யாது, என் மரியாதையும் மிஞ்சும்.

முதல் தண்ணி பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. கஞ்சி கரைந்து நுரைத்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அதற்குக் கொஞ்சம்தான் குறைச்சல். நான்காவதில் வெளிறியது. ஐந்தாவதை ஒரு எவர்சில்வர் டம்ளரில் மொண்டு பார்த்தேன், இளம் ரோஸ். போதும் என்று மனசு சொன்னது, திருச்சிப் படம் போதாது என்றது. ஆறு. ஏழாவது தண்ணியில் கோவைக்காரி அனுப்பிய வெள்ளையில் ஒரு துண்டை அரக்கோடு சேர்த்து முடிந்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் பிரித்தால் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

துவைக்கும்முன் சரியாக ஒரு மீட்டர் அளந்து நூலால் அடையாளம் வைத்திருந்தேன். காய்ந்த பிறகு அது 97 சென்டிமீட்டர். பிளாக் அளவில் பார்த்தால் கால் இஞ்சுக்குக் குறையாது. தைத்த பிறகு அந்தக் கால் இஞ்ச் போயிருந்தால் யார் வீட்டில் போயிருக்கும்?

நெசவுத்துணியை நேராக வெட்ட எனக்கு ரோட்டரி கட்டர் மேல் நம்பிக்கை இல்லை. கரையோரம் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்து, ஊடை நூல் ஒன்றைப் பிடித்து மெதுவாக உருவினால், அது வந்த வழியில் ஒரு மெல்லிய கோடு துணியின் குறுக்கே தெரியும். அந்தக் கோட்டில் கத்தரி போனால் பிசகாது. நடுவில் அறுந்தால் மறுபடி நுனி தேடிப் பிடித்து உருவ வேண்டும். வெட்டியதும் இஸ்திரி. தேய்க்கக் கூடாது, வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்த்து இழுத்தால் சதுரம் கோணிக்கொள்ளும். அறுபது அரக்கு, நாற்பத்தெட்டு வெள்ளை. அத்தை வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்ல சேலைய வாங்கி, கந்தையாக்கி, பெறகு ஒட்டுப் போடுற. உங்க மாமா கேட்டா சிரிப்பாரு."

கந்தை. அந்தச் சொல்லும் வங்காளப் பெண்கள் பழம்புடவையை அடுக்கித் தைக்கிற காந்தாவும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவை. கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியும் பழந்துணிதான். அங்கே அது கண்காட்சிக்கும் விலைக்கும் போய்விட்டது. நாம் கந்தையைக் கசக்கிக் கட்டு என்று புத்தி சொன்னதோடு நிறுத்திக்கொண்டோம்.

மறுநாள் பஞ்சுக் கடைக்குப் போனேன். போடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏலக்காய். உள்ளூரில் இலவம்பஞ்சும் அதே அளவுக்குப் பேச்சு. குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து மலைச்சரிவுகளில் இலவ மரங்கள். பங்குனியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, காய்களை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். காயை உடைத்து, விதை பிரித்து, பஞ்சைச் சுத்தம் செய்து மெத்தையும் தலையணையும் ஆக்குகிற பட்டறைகள் ஊருக்குள் நிறைய. இலவு காத்த கிளி ஏமாந்தது என்பது பழமொழி. போடிக்காரர்கள் ஏமாறவில்லை; காத்திருந்து மெத்தை தைத்தார்கள்.

என் யோசனை, போர்வைக்கு நடுவில் வைக்க ஆளுக்குக் கால் கிலோ இலவம்பஞ்சு வாங்கிப் பிளாக்கோடு அனுப்புவது. பட்டறை வாசலில் கோணி ஊசியால் மெத்தை ஓரம் தைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "ஆகாதுத்தா" என்றார்.

"ஏண்ணே?"

ஊசியைக் குத்தி வைத்துவிட்டு ஒரு பிடி பஞ்சை என் உள்ளங்கையில் வைத்தார். வைத்தது தெரியவில்லை. மூடித் திறந்தால் சோப்பு நுரை மாதிரி எழும்பியது. "வழுக்குது பாத்தியா? இது ஒன்னோட ஒன்னு பிடிக்காது. மெத்தையில கிட்டிச்சு அடைச்சு நடுநடுவுல குத்தி இழுத்துக் கட்டுறோம், அதனால நிக்குது. போர்வையில மெலிசா வச்சா ஓடிப்போயி மூலையில சேரும். துவைச்சியோ, திரண்டுரும். தலகாணிக்கு இலவு, போர்வைக்குப் பருத்தி."

அவர் சொன்னதில் முழு விஞ்ஞானமும் இருந்தது. இலவம்பஞ்சின் இழை குட்டை, உள்ளே வெற்றுக்குழல், மேலே மெழுகுப் பூச்சு. அந்த வழுவழுப்பால்தான் அதைத் தனியாக நூலாக நூற்க முடிவதில்லை. அதே மெழுகால் தண்ணீரும் சட்டென்று இறங்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பற்படையினரின் மிதவைச் சட்டைக்குள் அடைத்தது இதைத்தான். கடலில் மிதக்கவைப்பது தொட்டிலுக்கு உதவாது என்று போடியில் பத்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டேன். வந்ததற்கு ஒரு தலையணை வாங்கிக்கொண்டேன்.

அத்தை வீட்டுக்கு எதிர்வீட்டு மதினி ஏலக்காய்க் குடோனில் ரகம் பிரிக்கப் போகிறவர். "வந்து பாரு" என்று கூட்டிப்போனார். நான் இந்தப் பயணத்தில் அதிக நேரம் உட்கார்ந்திருந்த இடம் அதுதான். வாசல்படியில் கால் வைத்ததும் மணம் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கால் மணி நேரத்தில் மணமே தெரியாது. வெளியே வந்த பிறகு இரண்டு நாளைக்குச் சேலையில் இருக்கும். தரையில் வரிசையாகப் பெண்கள். ஆளுக்கொரு முறம், நடுவில் பச்சைக் குவியல். பறித்த காய் சுமார் ஐந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ வரும் என்றார்கள். மலையில் ஸ்டோரில் சூடேற்றி உலர்த்தி, நிறம் போகாமல் கீழே இறக்குகிறார்கள்.

முதலில் சல்லடை. ஆறு, ஏழு, எட்டு மில்லிமீட்டர்க் கண்கள். எட்டில் விழாமல் மேலே நிற்பது போல்டு. அதற்குத் தனி விலை. ஏழும் எட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஒன்றுதான். மதினி சிரித்தார். சல்லடைக்குப் பிறகு கைவேலை. வெடித்த காய், வெளிறிய காய், இலைப்பேன் கடித்துச் சொரசொரத்த காய் எல்லாம் விரல்களில் பிரிந்து போய்க்கொண்டே இருந்தன. கண் அவர்களுக்கு என் மேல் இருந்தது, பேச்சு யாரோ ஒருத்தி மகள் கல்யாணத்தில் இருந்தது, விரல் மட்டும் தப்பவில்லை.

"ஒரு சின்னக் காய் போல்டோட போயிட்டா என்ன மதினி, தெரியவா போகுது?"

"ஏலத்துல சாம்பிள் கையில எடுத்துப் பாப்பாக. ஒரு காய் தப்பா கெடந்தா மொத்த மூட்டையும் அந்தக் காய் வெலைக்குத்தான் பாப்பாக."

ஏலக்காய் ஏலம் போகிற ஊர் இது. ஏலத்துக்கு ஏலம் என்று பேர் வந்தது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல்லால்; காய்க்கு அந்தப் பேர் அதற்கு வெகு முன்பே உண்டு. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப்புறம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கிறது. வியாபாரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்டாலும் கையில் இருப்பது இந்தப் பெண்கள் பிரித்த காய்தான்.

என் கால் இஞ்ச் என்பது மில்லிமீட்டரில் ஆறேகால் சொச்சம். சல்லடையின் மிகச் சின்னக் கண்ணுக்கும் அதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம். பொட்டலத்தில் எட்டுப் போல்டு காய் வாங்கிக்கொண்டு வந்து, தையல் மிஷின் தட்டில் ஊசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதற்கடுத்த நாள் போடிமெட்டு. தைத்து முடித்த பிளாக் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டேன். முந்தல் தாண்டியதும் ஏற்றம். பதினேழு கொண்டை ஊசி வளைவு. எண்ணத் தொடங்கி ஒன்பதில் விட்டுவிட்டேன், வயிறு ஒத்துழைக்கவில்லை. சுமார் 4,500 அடி உயரத்திலிருந்து போடியைப் பார்த்தால் ஒட்டுப்போர்வை விரித்த மாதிரி இருக்கிறது என்று எழுதக் கை துறுதுறுக்கும். இல்லை. மூட்டம் போட்டிருந்தது. தெரிந்த கொஞ்சமும் தென்னந்தோப்பின் மங்கல் பச்சை, ஒரு நேர்கோடு கிடையாது. எங்கள் கூட்டத்தில் யாராவது அப்படித் தைத்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவோம்.

செக்போஸ்ட்டைத் தாண்டினால் பலகைகளில் மலையாளம். பேச்சில் பாதி தேனி. அத்தைக்கு வேண்டிய ஒரு அப்பத்தா அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். முப்பது வருஷம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். ஏலச்செடி ஆளை மறைக்கிற உயரம் வளரும், காய் மட்டும் தரையோடு கிடக்கும் சரத்தில். முப்பது வருஷமும் குனிந்தே பார்த்த வேலை. இப்போது நிமிர்ந்தாலும் முதுகு நிமிர்வதில்லை. கட்டிலில் அவர் மேல் ஒரு போர்வை கிடந்தது. பழஞ்சேலைகள் ஐந்தோ ஆறோ, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுற்றிலும் நடுவிலும் ஓட்டுத்தையல். மேல்சேலை கிழிந்த இடத்தில் ரவிக்கைத் துணி. அது கிழிந்த இடத்தில் வேஷ்டித் துண்டு. தைத்த நூல்கூடக் கடையில் வாங்கியதில்லை, சேலைக் கரையிலிருந்து உருவியது. அளவு, கோடு, கால் இஞ்ச் எதுவும் இல்லை. நன்றாகவே இருந்தது. பொறாமையாகக்கூட இருந்தது.

என் பிளாக்கை எடுத்துக் கொடுத்தேன். திருப்பி, உள்தையலைத்தான் முதலில் பார்த்தார்.

"இத யாருக்குத்தா தைக்கிற?"

"பதினோரு பேருக்கு அப்பத்தா. பாதிப் பேர நேர்ல பாத்ததுகூட இல்ல."

"அவுக ஒனக்குத் திருப்பித் தருவாகளா?"

"அவங்களும் ஆளுக்கொன்னு எனக்குத் தச்சு அனுப்புவாங்க."

"அப்ப செய்முறைன்னு சொல்லு."

எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தர் வைப்பதுதான் செய்முறை. நோட்டில் பேரோடு எழுதிவைப்பார்கள். வந்ததற்குக் குறையாமல் திரும்பப் போக வேண்டும். போகாவிட்டால் உறவு கசக்கும். இத்தனை நாள் எங்கள் பிளாக் பரிமாற்றத்துக்குத் தமிழில் என்ன பேர் வைப்பது என்று நாங்கள் பன்னிரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அப்பத்தா அரை நிமிஷத்தில் வைத்துவிட்டார். போன வருஷத்துச் சாயக் கதையையும் சொன்னேன். பிளாக்கை மடித்து என் கையில் கொடுத்துக்கொண்டே, "செய்முறையில கிழிஞ்ச நோட்டு வைக்கக் கூடாதுத்தா" என்றார்.

கீழே வந்து அத்தையின் பழைய மிதி மிஷினில் மீதியைத் தைத்தேன். ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளித் தட்டின் மேல் நாலைந்து அடுக்கு பிளாஸ்திரி ஒட்டி, துணி ஓரம் அதில் இடித்துக்கொண்டு ஓடும்படி செய்துவிட்டால் கை தாராளம் காட்ட வழியில்லை. ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி. பன்னிரண்டையும் தரையில் பரப்பி அளந்தபோது பதினொன்று 12½. ஒன்று மட்டும் அரைக்கால் குறைந்திருந்தது. அத்தை காபி கொண்டுவந்த நேரத்தில் தைத்ததாக இருக்கும். அது எனக்கு.

போடி தபாலாபீஸில் பதினொரு உறைகளைக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: "சக்கம்பட்டி நெசவு. ஏழு தண்ணி கண்டது." சிங்கப்பூர் உறைக்கு மட்டும் ஒரு படிவம் கூடுதலாக நிரப்ப வேண்டியிருந்தது.

மதுரை திரும்பிய நாலாம் நாள் திருச்சிக்காரியிடமிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளை பிளாஸ்டிக் வாளி, அதில் தண்ணீர், தண்ணீருக்குள் என் அரக்குப் பிளாக். வாளியின் அடி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. இந்தத் தடவையும் கூட ஒரு வார்த்தை இல்லை.